சிக்ஸர் அடித்தவன் ஓடுவானா?

கிரிக்கெட் மட்டையைப் பிடித்த தமிழனுக்கு உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டும் தெரியும். டென்னிஸைப் பார்த்தால், "நடுவுல வலையைக் கட்டிக்கிட்டு என்னத்த ஆடுறானுங்க" என்பான். கோல்ஃபைப் பார்த்தால், "பந்து அது பாட்டுக்கு நிக்குது, இதை அடிக்க இத்தனை யோசனையா?" என்பான். டீக்கடையில் இப்படியெல்லாம் பேசிவிட்டு எழுந்து போனால் யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நான் பேசியது என் மேனேஜரிடம். அதுவும் பேஸ்பால் என்றால் உயிரையே விடுகிற ஒரு கொரியாக்காரரிடம். அதன் பலனாக, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன என் மனைவி கலா ஒரு குளிர்காலம் முழுக்கப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கரூரில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஓமனில் சோஹார் துறைமுகத்தை ஒட்டித் தொழிற்சாலைகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு கொரிய கட்டுமானக் கம்பெனியில் மெட்டீரியல் இன்ஜினியர். ("பைப் எங்கே?" என்று சைட்டிலிருந்து கேட்டால், "வந்துக்கிட்டே இருக்கு" என்று பதில் சொல்வதுதான் என் முழுநேர வேலை.) கல்ஃபில் மனிதர்கள் இரண்டே வகை. ஃபேமிலி ஸ்டேட்டஸ், பேச்சிலர் ஸ்டேட்டஸ். கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்றவனாக இருந்தாலும் கம்பெனி கையெழுத்துப் போடாதவரைக்கும் அவன் பேச்சிலர்தான். ரூமில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, கீழ்த்தட்டுக்காரனின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, கல்யாண ஆல்பத்தைப் புரட்ட வேண்டியதுதான். நான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி குடியிருப்பில் ஒரு ஃபேமிலி ஃப்ளாட் காலியாக இருந்தது. அதைக் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் ப்ராஜெக்ட் மேனேஜர் கிம் மேஜையில் ஊறிக்கொண்டிருந்தது. கிம் குள்ளமான, கறாரான மனிதர். நாலு இங்கிலீஷ் வார்த்தை, ரெண்டு ஹிந்தி, ஒரு அரபு என்று கலந்து பேசுவார். அதை வைத்தே ஆயிரம் பேரை மேய்த்தார்.

அவருக்கு ஒரு தீராத துக்கம் இருந்தது. துறைமுகத்தில் குளிர்காலம் வந்தால் கம்பெனிகளுக்குள் பேஸ்பால் லீக் நடக்கும். ஜப்பான் கம்பெனிக்கு டீம் உண்டு, அமெரிக்கர்களுக்கு உண்டு, பிலிப்பைன்ஸ் பையன்களுக்கு உண்டு, போட்டிக் கொரியக் கம்பெனிக்கும் உண்டு. எங்கள் கம்பெனிக்கு மட்டும் கிடையாது. எங்களிடம் இருந்த கொரியர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் முட்டிவலி. போட்டிக் கம்பெனி மேனேஜர் ஒவ்வொரு வருஷமும் கிம்முக்கு ஃபோன் போட்டு, "இந்த வருஷமாவது வர்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாராம். மானப் பிரச்சினை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தங்கியிருந்த கேம்புக்குப் பின்னால் நாங்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். பரமக்குடி முருகேசன், பைப் வெல்டர், ஒரு சுற்றுச் சுற்றினான். பந்து மெஸ் கூரையைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்தப் பக்கமாகக் காரில் போன கிம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"யூ, கேப்டன்?"

"எஸ் சார்." (யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. மட்டை என்னுடையது, அவ்வளவுதான்.)

"பேஸ்பால்?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, "தெரியாது சார், கத்துக்கறோம்" என்று சொல்லியிருப்பான். நான் கால்மேல் கால் போடாத குறையாக, "சார், அது எங்க ஊர்ல சின்னப் பசங்க ஆடற கில்லி மாதிரி. கப்பே வாங்கிக் கொடுத்துடறோம்" என்றேன்.

கிம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த என் விண்ணப்பத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

"கப் மாஃபி. ஒன் கேம். ஒன்லி ஒன் கேம் வின். யூ வின், ஐ சைன். கலாஸ்."

(அரபில் மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் அவ்வளவுதான், முடிந்தது.) கப் எல்லாம் வேண்டாம், சீசனில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், ஃபேமிலி விசா. எனக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே!

அன்றைக்கே கரூருக்கு ஃபோன் போட்டேன்.

"கலா, ஒரே ஒரு மேட்ச்தான். ஜெயிச்சா அடுத்த மாசம் நீ இங்க."

"நெசமாலுமாங்க? தோத்துப்போட்டா?"

"தோக்கறதா? பேஸ்பாலுங்கறேன், கபடியா அது?"

என்ன உளறினேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. ஆனால் அவள் நம்பிவிட்டாள். தனியார் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை அந்த வாரமே ராஜினாமா செய்தாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார் தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு விருந்து வைத்தார்கள், சேலை எடுத்துக் கொடுத்தார்கள். சாம்பார்ப் பொடி இடித்து, பருப்புப் பொடி அரைத்து, ரெண்டு பெட்டி கட்டியாகிவிட்டது. நாங்கள் இன்னும் பேஸ்பால் பந்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக அந்த விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் நாலு மூலையிலும் நாலு திண்டு இருக்கும். அதைத்தான் பேஸ் என்கிறார்கள். ஒரு மூலையில் நின்று பந்தை அடிக்க வேண்டும். அடித்துவிட்டு மற்ற மூன்று திண்டையும் தொட்டு, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். ஒரே ஓட்டமாக வரவேண்டும் என்றில்லை, நடுவில் ஒரு திண்டில் நின்று இளைப்பாறிக்கொள்ளலாம். இவ்வளவுதான். குழந்தைகூட ஆடிவிடும். நாங்கள் குழந்தைகளாக இல்லாததுதான் பிரச்சினையாகிவிட்டது.

முதல் ஆட்டம் ஜப்பான் கம்பெனியோடு. எங்கள் பந்து வீச்சாளர் அரியலூர் செல்வம், எலக்ட்ரீஷியன். கேம்ப் கிரிக்கெட்டில் அவன் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்தே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்துதான் வீச வேண்டும். இதை கிம் மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார். செல்வமும் மூன்று நாள் தலையாட்டியிருந்தான். ஆட்டம் ஆரம்பித்ததும் நேராக எல்லைக்கோடு வரை நடந்து போய், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பி ஓடி வர ஆரம்பித்தான். அம்பயர் வால்ட்டர் ஒரு வயதான அமெரிக்கர். வேலை நாளில் துறைமுகத்தின் சேஃப்டி ஆபீசர். அவன் வருகிற வரத்தைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினார். செல்வம் அவரையும் சுற்றிக்கொண்டு ஓடி, குதித்து, பந்தைத் தரையில் குத்தி வீசினான். அருமையான யார்க்கர். ஜப்பான்காரர் சுருங்கிக் குதித்துத் தப்பித்தார்.

"எல்லாம் சரிண்ணே, இது நோ-பாலா, வைடா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான் செல்வம்.

அடிப்பது அதைவிட மோசம். முருகேசன் அடித்தான். அடித்துவிட்டு மட்டையைக் கீழே போடாமல், கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் திண்டை நோக்கிப் பாய்ந்தான். அங்கே நின்ற ஜப்பான்காரர் உருட்டுக்கட்டையோடு தன்னை நோக்கி ஒருவன் ஓடி வருவதைப் பார்த்து, பந்தைப் பிடிக்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முருகேசன் திண்டுக்கு ஒரு ஆள் தூரம் முன்னாலேயே விழுந்து, மட்டையை நீட்டி அதன்மேல் வைத்தான். ரன் அவுட்டிலிருந்து தப்பித்துவிட்டானாம். வால்ட்டர் பொறுமையாக, உடம்புதான் திண்டைத் தொட வேண்டும், கட்டை அல்ல என்று விளக்கினார். அதற்குள் பின்னால் பந்து வந்து சேர்ந்து அவுட்.

"மட்டையப் போட்டுட்டு ஓடுடா!" என்று கத்தினேன்.

"போட்டுட்டு ஓடுனா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவாண்ணே!"

சைட்டில் என்னை "சார்" என்றும் மைதானத்தில் "அண்ணே" என்றும் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த மரியாதைக்குத் தகுந்தபடி கேப்டன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் காலேஜ் நாட்களில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை நான் விடுகிற அழகுக்கென்று ஒரு பேர் இருந்தது. மட்டையை உயர்த்தி, தலையைத் திருப்பாமல், பந்தை கீப்பரிடம் வழியனுப்பி வைப்பேன். அன்றும் மூன்று பந்தை அப்படியே வழியனுப்பினேன். பேஸ்பாலில் நேராக வருகிற பந்தை மூன்று தடவை அடிக்காமல் விட்டால் அவுட். வெளியே போகச் சொன்னார்கள். "நான் தொடவே இல்லையே, எப்படி அவுட்?" என்று வால்ட்டரிடம் சண்டை போட்டேன். அவர், "அதனாலதான் அவுட்" என்றார்.

தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள், ஸ்கோர் எழுதுகிறவரே நடுவில் பென்சிலை வைத்துவிட்டார். மைதானத்திலிருந்து ரூமுக்கு வந்ததும் ஃபோன். மாமனார்.

"ஏனுங் மாப்ளே, ஜெயிச்சுப்போட்டீங்ளா?"

"இல்லீங்க மாமா. மொத மேட்ச். பழகறதுக்கு."

"அதுக்கென்னுங், விடுங். அடுத்த வாட்டி டாஸ் ஜெயிச்சா மொதல்ல பேட்டிங் எடுத்துப்போடுங்."

"இதுல டாஸ் கெடையாதுங்க மாமா."

"டாஸ் இல்லாம அதென்னங் ஆட்டம்?" என்றார் அவர். அதற்குப் பிறகு அந்த விளையாட்டின்மேல் இருந்த மரியாதையே அவருக்குப் போய்விட்டது.

அடுத்த ஆட்டம் அமெரிக்கர்களோடு. தோற்றோம். அடுத்தது கிம்மின் பரம விரோதியான போட்டிக் கொரியக் கம்பெனி. அதில் தோற்றதைப் பற்றி எழுத என் கை வரவில்லை. அன்று கிம் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்து, அதை மிதித்து, திரும்ப எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நெக்ஸ்ட்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த ஒரு சொல்தான். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

எதிரணிக்காரர்களிடம் எங்களுக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டால் அமைதியாக நிற்க மாட்டார்கள். கையை ஆட்டிக்கொண்டு, மெதுவாக, சுவாமி ஊர்வலம் போகிற மாதிரி நாலு திண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பந்துதான் வெளியே போய்விட்டதே, இனிமேல் எதற்கு ஓட்டம்? எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நம்மள வெறுப்பேத்துறதுக்குன்னே சுத்துறானுங்கண்ணே" என்பான் முருகேசன்.

"அடிச்ச திமிரு. நாம அடிச்சா அடக்கமா இருக்கணும்டா. அதான் பெரிய மனுஷத்தனம்" என்பேன் நான். டீமே ஆமோதிக்கும்.

கிம் எங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கையுறையை எந்தக் கையில் போடுவது, எப்போது ஓடுவது, எப்போது நிற்பது, மட்டையை எப்படிக் கீழே போடுவது. (அதற்கே தனியாக ஒரு நாள் ஆனது.) வேலிக்கு வெளியே அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. அந்த நிலைமை எங்களுக்கு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதே டீம்களோடு மாற்றி மாற்றி ஆடி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோற்றுக்கொண்டே வந்தோம். கரூரில் நிலைமை முற்றிக்கொண்டு வந்தது. விருந்து வைத்தவர்கள் எல்லாம் தெருவில் பார்த்தால், "ஏம் புள்ள, இன்னும் போவுலியா?" என்று கேட்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் கலா இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டாள். கட்டின பெட்டியைப் பிரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, பெட்டியில் இருக்கிற சேலையைத் தொடாமல், மிச்சமிருந்த நாலு பழைய சேலையையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். இதை அவள் சொல்லவில்லை, மாமியார் சொன்னார். வாய்க்கொழுப்பில் ஒரு வார்த்தை விட்டதற்கு அவள் அங்கே வாசலுக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று என்மேலேயே கோபம் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டந்தான் பாக்கின்னு அப்பா சொன்னாரு" என்றாள் ஃபோனில்.

"ஆமாம் கலா."

"அதுலயாச்சும் ஜெயிச்சுருங்க. எனக்கு இங்க முடியலீங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

கடைசி ஆட்டம் பிலிப்பைன்ஸ் டீமோடு. லீக்கிலேயே பெரிய டீம் அதுதான். ஆனால் எங்கள் அதிர்ஷ்டம், அந்த வாரம் அவர்கள் ப்ளான்ட்டில் ஷட்டவுன், அதாவது மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு இரவும் பகலும் பராமரிப்பு வேலை. நல்ல ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் டூட்டியில் மாட்டிக்கொண்டார்கள். வந்தவர்கள் ஆபீஸ் கிளார்க்குகளும் ரெண்டு சமையல்காரர்களும். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்களைவிட மோசமாக ஆடுகிறவர்களைப் பார்த்தோம்.

செல்வம் நின்ற இடத்திலிருந்தே வீசினான். முருகேசன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். நான்கூட ரெண்டு பந்தைப் பிடித்தேன். கிம் உட்காரவே இல்லை, கயிற்றுக்கு வெளியே நின்று, "யல்லா, யல்லா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கேம்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். "அண்ணிக்கு விசா! அண்ணிக்கு விசா!" என்று தாளம் போட்டார்கள். (என் மனைவி பெயரைச் சொல்லித் துறைமுகமே கத்தாததுதான் பாக்கி.)

ஆட்டத்தின் கடைசி நேரம். நாங்கள் ஒரே ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இன்னும் ஒரு அவுட் விழுந்தால் கதை முடிந்தது. இரண்டாவது திண்டில் முருகேசன் நிற்கிறான். அடிக்க வேண்டிய ஆள் நான். முதல் பந்தைச் சுற்றினேன், காற்று. இரண்டாவதையும் சுற்றினேன், காற்று. மூன்றாவது பந்து வந்தபோது எனக்குக் கரூர் வீட்டில் இருந்த ரெண்டு பெட்டிதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினேன்.

அந்தச் சத்தத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கண்ணைத் திறந்தால் பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. போகிறது, போகிறது, வேலியில் கட்டியிருந்த பச்சை வலையைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த மண்மேட்டைத் தாண்டி, துறைமுகச் சாலையில் போய் விழுந்தது.

சிக்ஸர்!

சிக்ஸர் அடித்தவன் ஓடுவானா? நீங்களே சொல்லுங்கள். நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நின்ற இடத்திலேயே நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, மட்டையை வானத்தை நோக்கி உயர்த்தினேன். மெதுவாகத் திரும்பி நாலு பக்கமும் காட்டினேன். குலதெய்வத்தை நினைத்துக் கண்ணை மூடினேன். முருகேசன் மூன்றாவது திண்டுக்கு ஓடவில்லை. தன் காலடியில் இருந்த திண்டைப் பெயர்த்து எடுத்தான். (ஜெயித்த டீம் ஸ்டம்பைப் பிடுங்கி ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்வது முறைதானே?) அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் பாய்ந்து வந்தார்கள். செல்வம் என்னைத் தோள்மேல் தூக்கினான். பிலிப்பைன்ஸ் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோல்வியில் வாயடைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்து, தோள்மேல் இருந்தபடியே அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

கயிற்றுக்கு வெளியே கிம் குதித்துக்கொண்டிருந்தார். கையை வட்டமாகச் சுற்றுகிறார், தரையைக் காட்டுகிறார், கொரிய மொழியில் அலறுகிறார். மனுஷன் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் கையை ஆட்டினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பந்தல் நிழலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். யாரோ கையில் மோர் பாட்டிலைக் கொடுத்தான். முதல் காரியமாக மொபைலை எடுத்தேன்.

"மாமா! ஜெயிச்சாச்சுங்க! கலாவைப் பொறப்படச் சொல்லுங்க!"

"அப்புடிப் போடுங் மாப்ளே!" என்று அவர் போட்ட கத்தலில் காது அடைத்தது. ஃபோனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் வால்ட்டர் நடந்து வந்தார். கை குலுக்க வருகிறார் என்று நானும் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், மோர் பாட்டிலைப் பார்த்தார், முருகேசனின் தலைமேல் இருந்த திண்டைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தி, "அவுட்" என்றார்.

"சார், சிக்ஸர்!" என்று சாலைப் பக்கம் காட்டினேன்.

"பந்து போச்சு. நீ போகலையே. ஓடி நாலு பேஸையும் தொடணும். நீ ஓடாம ஆட்டத்தை விட்டுட்டு வந்து உக்காந்துட்டே. அவுட்."

"பந்துதான் வெளியே போயிடுச்சே சார், அப்புறம் எதுக்கு ஓடணும்?"

அந்த அமெரிக்கர் முப்பது வருஷம் சேஃப்டி வேலை பார்த்தவர். ஹெல்மெட் போடாதவன், பெல்ட் மாட்டாதவன் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். என்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ரூல்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முருகேசன் கையிலிருந்து திண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் நிறைய வந்த ஆட்கள் சத்தமில்லாமல் போய் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். கிம் மண்ணில் உட்கார்ந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். அன்று அவர் "நெக்ஸ்ட்" என்றுகூடச் சொல்லவில்லை. இனி நெக்ஸ்ட் ஏது?

கரூருக்குத் திரும்ப ஃபோன் போட வேண்டுமே. போட்டேன். மாமனார் எடுத்தார். பின்னால் படபடவென்று சத்தம். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்!

"மாமா..."

"வெடிச் சத்தமுங் மாப்ளே! சித்தெ சத்தமாப் பேசுங்!"

"அவுட்டுங்க மாமா!"

"என்னுங்?"

"அவுட்டுங்க! தோத்துட்டமுங்க!" என்று அலறினேன். சரம் அதற்குள் முடிந்துவிட்டது போல. அந்தப் பக்கம் தெருவே கேட்டிருக்கும்.

"பந்து வெளிய போச்சுங்ளா, இல்லீங்ளா?"

"போச்சுங்க."

"அப்பறமென்னுங்?"

"நான் ஓடலீங்க மாமா."

குழந்தையைக் கேட்கிற மாதிரி, "ஏனுங் ஓடல?" என்றார். ஃபோன் கை மாறியது. கலா. அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதற்கும் தயாராக இருந்தேன்.

"ஓடியிருக்கலாமுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் சைட்டில் முருகேசன் என்னைத் தேடி வந்தான். வேலை நேரத்திலும் "அண்ணே" என்றான். "நானாவது ஒங்களத் தள்ளி விட்டுருக்கணும்ணே. எங்களாலதான் அண்ணி வர முடியாமப் போச்சு" என்று வெல்டிங் கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே கிம் கூப்பிடுவதாக ஆள் வந்தான்.

வேலையே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கிம் மேஜைமேல் ஒரு பேஸ்பால் பந்து இருந்தது. தார் ஒட்டி, ஒரு பக்கம் தோல் கிழிந்திருந்தது. மனிதர் தானே சாலை ஓரமாக நடந்து போய்த் தேடி எடுத்து வந்திருக்கிறார்.

"பால், வெரி ஃபார்" என்றார். "வெரி, வெரி ஃபார்."

"எஸ் சார்."

"யூ, ரன் மாஃபி."

"எஸ் சார்."

"வொய்?"

கிரிக்கெட்டில் பந்து எல்லையைத் தாண்டினால் ஓட வேண்டியதில்லை என்பதைக் கையால், காலால், மேஜையில் இருந்த ஸ்டேப்ளரால் விளக்கினேன். கிம் ஸ்டேப்ளரை வாங்கி மேஜையில் வைத்தார். "கிரிக்கெட், லேசி கேம்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என் ஃபேமிலி விண்ணப்பத்தை எடுத்து, ரெண்டாக மடித்து, ட்ராயருக்குள் போட்டுவிட்டார். வேறொரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பால் கோ. சோ, விசிட் விசா. த்ரீ மந்த். யூ நோ ரன். சோ, ஃபேமிலி விசா மாஃபி. கலாஸ்."

பந்து போனதற்குப் பாதி விசா. நான் ஓடாததற்குப் பாதி கட். இதைவிட நியாயமான தீர்ப்பை நான் எந்த அம்பயரிடமும் பார்த்ததில்லை. (ஃபேமிலி ஸ்டேட்டஸ் அடுத்த வருஷம், பேஸ்பால் கலக்காத ஒரு ப்ரமோஷனில் கிடைத்தது.)

கலா மஸ்கட்டில் வந்து இறங்கின அன்று விமான நிலையத்தில் கம்பிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்து, ட்ராலியில் அந்த ரெண்டு பெட்டியோடு அவள் வெளியே வந்தாள். பெட்டியில் இத்தனை மாதம் இருந்த புதுச் சேலையைக் கட்டியிருந்தாள். நான் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் நடுவழியில் ட்ராலியை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அங்கியே நின்னு கைய ஆட்டாதீங்க!" என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "ஓடியாங்க!"

ஓடினேன். கம்பியைச் சுற்றிக்கொண்டு, ஒரு போலீஸ்காரரையும் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

அத்தோடு முடிந்தது என்றால் இல்லை. கரூர் பக்கம் என்னை இன்ஜினியர் மாப்பிள்ளை என்றோ, மஸ்கட் மாப்பிள்ளை என்றோ யாரும் சொல்வதில்லை. "நின்ன மாப்பிள்ளை" என்பார்கள். என் மகள் சோஹாரிலேயே வளர்ந்தவள், பாதி இங்கிலீஷில் பேசுகிறவள். அவள்கூடத் தன் சிநேகிதிகளிடம், "மை டாட், தி ஒன் ஹூ டிட்ண்ட் ரன்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். பந்து அவ்வளவு தூரம் போனதைப் பற்றி ஒருத்தராவது பேச வேண்டுமே!

போன தையில் கலாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பாதிச் சுற்றில் போட்டோக்காரர் நிறுத்தி, மாப்பிள்ளையைக் கேமராவைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பையனும் நின்று சிரித்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனாருக்கு வந்ததே கோபம். கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஏனுங் மாப்ளே, நிக்காதீங்! முழுசாச் சுத்தி முடிச்சுப்போட்டு அப்பறம் சிரீங்! ஒருத்தரு பாதியில நின்னுபோட்டுத்தான் எங்க புள்ள மூட்டையக் கட்டி வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா!"

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். மண்டபம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நான் என்ன செய்வேன்? பழக்க தோஷம். எழுந்து நின்று வலது கையை உயர்த்தி நாலு பக்கமும் காட்டினேன். கலாதான் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.